பாஸ் வீட்டுப் பின்வளவில் கேட்ட தாளம்

 

போன கிழமை வகுப்பில் போர்த்துக்கேயர் காலத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். கரும்பலகையில் சில சொற்களை எழுதினோம். கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, குசினி, பாண், துவாய், அலவாங்கு. "இதெல்லாம் எந்த மொழி?" என்று கேட்டோம். "தமிழ்தானே சேர்" என்றார்கள் பிள்ளைகள். எல்லாமே போர்த்துக்கேயச் சொற்கள் என்றதும் வகுப்பு கொஞ்சம் கலகலத்தது. பின்வாங்கில் இருந்த ஒரு மகன் எழும்பிக் கேட்டான்: "அப்ப அந்த ஆக்கள் இப்ப எங்க சேர்?"

"கல்லடிப் பாலத்துக்கு அங்கால" என்றோம். பிள்ளைகள் நம்பவில்லை. நாங்கள் பகிடி விடுகிறோம் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் இதை எழுத வைத்தது. காத்தான்குடியில் இருந்து மட்டக்களப்பு நகரம் சைக்கிளில் போகிற தூரம். அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிற பறங்கியரை நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அவர்களைப் பற்றி, குறிப்பாக அவர்களுடைய கல்யாண வீட்டுப் பாட்டுக்காரரைப் பற்றி, எங்களுக்கு நினைவிருப்பதை எழுதுகிறோம். நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வாப்பா டெய்லர். கடையில் இரண்டு தையல் மிசின் இருந்தது. ஏதாவது பழுது வந்தால் அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு பாலம் தாண்டிப் போவார். நாங்கள் பின்னால் பிடித்துக்கொண்டு நடப்போம். நகரத்தில் ஒரு பறங்கியர் வீட்டு முன்விறாந்தைதான் பட்டறை. மிசின், பூட்டு, துவக்கு, அரிக்கன் லாம்பு, எது கொடுத்தாலும் அந்த வீட்டுக்காரர் திருத்துவார். மட்டக்களப்புப் பறங்கியரில் அநேகம் பேர் தச்சுவேலை, கொல்வேலை, தையல், சப்பாத்து வேலை, இயந்திர வேலை என்று கைத்தொழில் செய்தவர்கள். எல்லாரும் அவரை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். மேசன் பாஸ் என்று நாம் சொல்கிற அதே பாஸ். அதுவும் ஒல்லாந்தச் சொல், தொழிலில் தலைவன் என்று அர்த்தம்.

பின்னேரம் போனால் பட்டறையில் ஆள் இருக்காது. பின்வளவில் இருந்து சத்தம் வரும். ஒரு வயலின், ஒரு கிற்றார், ஒரு மன்டலின், ஒரு றபான். ஒரு பொடியன் முக்கோணமாக வளைத்த இரும்புக் கம்பியைத் தட்டிக்கொண்டிருப்பான். வயலின் வாசிக்கிறவர் நம்முடைய பாஸ். காலையில் மிசின் எண்ணெய் பிரண்ட அதே விரல்கள். மற்றவர்களும் அப்படித்தான். ஒருவர் தச்சர், ஒருவர் றெயில்வேயில் வேலை, ஒருவர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். யாரும் இசையால் சாப்பிட்டவர்கள் இல்லை. இசைத்தாள் பார்த்து வாசித்தவர்களும் இல்லை. அவர்களுடைய குழுவுக்கு ஒரு பெயர்கூட இருக்கவில்லை. சனி, ஞாயிறு யாருக்காவது கல்யாணம் என்றால் போவார்கள்.

"என்ன பாஸ், மிசின் முடிஞ்சா?" என்று வாப்பா முன்னால் இருந்து சத்தம் கொடுப்பார்.

"இன்னும் இல்ல காக்கா. இந்தப் பாட்டு முடியட்டும், இருங்க" என்று உள்ளே இருந்து பதில் வரும்.

வாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்வாங்கில் உட்காருவார். பின்வளவுக்கு ஒரு நாளும் போனதில்லை. எழும்பி வந்ததும் இல்லை. பாட்டு முடியும் வரை இருப்பார்.

ஒரு முறை அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் போனோம். பள்ளிக்கூடம் போகிற வயது. முஸ்லிம் விருந்தாளிகளுக்கென்று நம்மூர்ச் சமையல்காரரைக் கூப்பிட்டுத் தனிச் சட்டியில் சமைத்திருந்தார்கள். வாப்பாவுக்கு அது பெரிய மரியாதை. கடைசி வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாடு முடிந்ததும் வீட்டு முற்றத்தில் கதிரைகளை ஒதுக்கினார்கள். சோடி சோடியாக ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்றார்கள். வயலின் தொடங்கியது. அதுதான் கப்ரிஞ்ஞா. மெதுவாகத் தொடங்கி, இடம் மாறி, சோடி மாறி, கடைசியில் மூச்சு வாங்குகிற வேகத்துக்குப் போகும். கிழவர் ஒருவர் நடுவில் நின்று அவர்களுடைய பழைய போர்த்துக்கேய மொழியில் இரண்டு வரி பாடுவார். எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு பெண் இரண்டு வரியால் பதில் கொடுப்பார். சபை சிரிக்கும். என்ன சொன்னார்கள் என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த ஒழுங்கு விளங்கியது. நம் மூத்தம்மாமார் அறுவடைக் காலத்திலும் கல்யாண வீட்டிலும் ஆளுக்கு ஆள் கவி எடுத்துக் கொடுக்கிற அதே ஒழுங்கு. கேலியும் அதே கேலிதான்.

இந்த மனிதர்கள் இங்கே வந்தது எப்படி? இதில் நம்முடைய வரலாறும் கலந்திருக்கிறது.

1626ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி அரசன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்து, சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதற்கு முன்பும் இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள். ஆனால் கிழக்கில் நம் சமூகம் பலப்பட்டதில் அந்த வருகைக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டே வருடத்தில், 1628இல், அதே போர்த்துக்கேயர் இங்கும் வந்து புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்து வருடம்தான். 1638 மே மாதம் ஒல்லாந்தர் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள்.

ஆட்சி போனது. மனிதர்கள் போகவில்லை. இந்தத் தீவில் கலியாணம் முடித்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் இங்கேயே நின்றுவிட்டார்கள். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கர்களுக்குக் கடுமையான நெருக்கடி இருந்தது. அதற்குள்ளும் அவர்கள் தங்கள் மதத்தையும் மொழியையும் காப்பாற்றினார்கள். போர்த்துக்கேயர் ஆட்சி முடிந்து கிட்டத்தட்ட நானூறு வருடமாகிறது. இன்றும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் அந்த மொழி பேசும் முதியவர்கள் இருக்கிறார்கள்.

ஆக, நம்மை விரட்டியவர்களின் வழிவந்தவர்களும், விரட்டப்பட்ட நாமும், ஒரே வாவியின் இரண்டு பக்கத்தில் குடியிருந்தோம். அவர்கள் நம் மிசினைத் திருத்தினார்கள். நாம் அவர்களுக்கு உடுப்புத் தைத்தோம். 1626 பற்றி வாப்பாவுக்கும் பாஸுக்கும் தெரிந்திருக்குமா என்றால், தெரியாது. தெரிந்திருந்தாலும் மிசின் திருத்தியே ஆகவேண்டும்.

இன்னொரு விசயம். கப்ரிஞ்ஞா என்ற பெயரே அரபுச் சொல்லில் இருந்து வந்தது. 'காபிர்' என்ற சொல்லை அரபு வியாபாரிகள் இஸ்லாத்தை ஏற்காத ஆபிரிக்க மக்களைக் குறிக்கப் பாவித்தார்கள். போர்த்துக்கேயர் அதைக் கேட்டு, கறுப்பின மக்களுக்கான பெயராக எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆபிரிக்கர்களைச் சிப்பாய்களாகவும் அடிமைகளாகவும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் வாழ்கிறார்கள். 'மஞ்ஞா' என்ற தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள். அந்த மக்களின் பெயரோடு, சின்னது என்று அர்த்தம் தரும் போர்த்துக்கேய விகுதி சேர்ந்ததுதான் கப்ரிஞ்ஞா.

வாத்தியங்களும் அப்படித்தான். 711இல் தொடங்கி 1492 வரை ஸ்பெயினிலும் அதன் அயலிலும் முஸ்லிம் ஆட்சி இருந்ததை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அங்கே 'அல் ஊத்' ஐரோப்பியரின் லூட் ஆனது. 'றபாப்' என்ற நரம்பு வாத்தியம் வயலினின் மூதாதைகளில் ஒன்றானது. போர்த்துக்கலில் இன்றும் கிராமத்துப் பெண்கள் தட்டுகிற 'அதுஃபே' நம்முடைய 'அத் துஃப்' தான். கல்யாணத்தில் தட்ட அனுமதி உண்டென்று ஹதீஸில் வருகிற அதே தஃப். இசை கூடும், கூடாது என்று நம் ஆலிம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்க்கும் தகுதி எங்களுக்கு இல்லை. இந்தப் பதிவு அதற்காகவும் இல்லை. ஒரு சமூகம் இன்னொரு சமூகத்துக்குள் எப்படிப் போய் வந்திருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

பாஸின் பின்வளவுத் தாளத்தை நீங்களும் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். மேசையில் 'தகிட தகிட' என்று தட்டிப் பாருங்கள். மூன்று மூன்றாக ஆறு தட்டு. அதுதான் பைலா. பைலா என்றால் போர்த்துக்கேய மொழியில் ஆட்டம். 1940களில் வொலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் கப்ரிஞ்ஞாவின் தாளத்துக்குச் சிங்கள வரிகள் போட்டுப் பாடப் பாட, நாடு முழுக்கப் பரவியது. 1960களில் கிளாரன்ஸ் விஜயவர்தன, எனஸ்லி மாலவன ஆகியோரின் மூன்ஸ்டோன்ஸ் போன்ற குழுக்கள் கிற்றாரோடு சிங்களத்தில் புதுப் பாட்டுக் கொண்டுவந்தன. அதன் பிறகு தமிழிலும் பொப் இசை வந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' பாட்டை அறியாத வீடு இல்லை. ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போய் அவருக்கு 'சிலோன் மனோகர்' என்ற பெயரைக் கொடுத்தது. 2018 ஜனவரியில் அவர் சென்னையில் காலமானபோது, இங்கே நம் வயதுக்காரர் பலர் அந்தப் பாட்டைத் தேடிக் கேட்டோம்.

நாங்கள் படித்த காலத்தில் வகுப்பில் ஆசிரியர் வராவிட்டால் மேசைதான் பொங்கோஸ். ஒருவன் தட்டுவான், ஒருவன் பாடுவான், ஒருவன் வாசலில் நின்று அதிபர் வருகிறாரா என்று பார்ப்பான். பாட்டுப் படித்த அந்தக் கூட்டாளிகளில் சிலர் இன்று தாடி வைத்து நல்ல இடங்களில் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டோம், பயப்படவேண்டாம். அன்று தட்டியது எங்கே இருந்து வந்த தாளம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பாலத்துக்கு அங்கால, றபானில் தட்டிய தாளத்தின் பேரப்பிள்ளைதான் அது.

இங்கிலாந்தைப் பாருங்கள். 1950களின் கடைசியிலும் 1960களிலும் அங்கே சின்னச் சின்ன ஊரிலெல்லாம் இப்படி வேலைக்குப் போகிற பொடியன்கள் சேர்ந்து பாட்டுக் குழு வைத்தார்கள். வாத்தியம் வாங்கக் காசில்லாதவன் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, கம்பு நட்டு, நூல் கட்டி வாசித்தான். அந்தப் பெட்டியில் போனது நம் நாட்டுத் தேயிலையாகவும் இருந்திருக்கலாம். 1957 யூலை 6ஆம் திகதி லிவர்பூலில் ஒரு தேவாலய விழாவில் வாசித்த பள்ளிக்கூடப் பொடியன்களின் குழு குவாரிமென். அன்றுதான் ஜோன் லெனனும் போல் மக்கார்ட்னியும் முதன்முதல் சந்தித்தார்கள். பீட்டில்ஸ் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் பெயர் வாங்காத குழுக்கள்தான் அதிகம். அவர்கள் கல்யாணம் முடித்து, வேலைக்குப் போய், கிற்றாரைப் பரணில் போட்டார்கள். அவர்களையும் அந்த ஊர்கள் மறக்கவில்லை. வயதானவர்கள் பழைய படம், விளம்பரத் துண்டு, யார் எந்த வாத்தியம் வாசித்தார் என்ற பட்டியல் வரை தேடி எழுதி வைக்கிறார்கள். ஊரின் வரலாறு என்றால் அவர்களுக்கு அதுவும்தான்.

நம் பக்கம் என்ன மிஞ்சியிருக்கிறது?

1978 நவம்பர் 23 சூறாவளியில் மட்டக்களப்பே கூரை இல்லாமல் நின்றது. படங்கள், கடிதங்கள், வாத்தியங்கள் எத்தனையோ வீட்டில் அன்று போயின. பாஸ் வீட்டு மன்டலினும் அன்று போனதுதான். பிறகு யுத்தம் வந்தது. பறங்கியர் குடும்பங்கள் சில அவுஸ்திரேலியாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போயின. கிற்றார் வாசித்தவர் அப்படிப் போனார்.

1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது வாப்பாவின் ஒரு மிசின் பாஸிடம் திருத்தக் கிடந்தது. பாதை மூடியது. ஆகஸ்ட் 3ஆம் திகதி நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் நடந்ததை நாங்கள் இங்கே எழுதத் தேவையில்லை. சுஜூதில் இருந்தவர்களை இழந்த ஊர் இது. ஒன்பது நாள் கழித்து ஏறாவூர். அதன் பிறகு யாரும் யாருடைய ஊருக்கும் போகவில்லை. வாப்பா ஒரு மிசினோடு கடை நடத்தினார். மற்ற மிசினைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு வெட்கமாகக்கூட இருந்தது. உயிர்கள் போன இடத்தில் மிசின் என்ன?

ஒரு வருடத்துக்கும் மேலான பிறகு பாதை கொஞ்சம் இளகியது. நாங்கள் அப்போது இளைஞர். வாப்பா தனியாகப் போகிறேன் என்றார். நாங்கள் விடவில்லை, கூடப் போனோம். பட்டறை மூடிக் கிடந்தது. கதவைத் தட்டினோம். பாஸ் மெலிந்து போயிருந்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், சாக்கு சுற்றிய ஒரு பொதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மிசின். திருத்தி, எண்ணெய் போட்டு வைத்திருந்தார். துருப்பிடிக்காமல் இருக்க மாதம் ஒருமுறை எடுத்துத் துடைத்தாராம். வாப்பா காசு எடுத்தார். பாஸ் வாங்கவில்லை.

வாப்பா வழமைபோல முன்வாங்கில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இருவரும் சும்மா இருந்தார்கள். பின்வளவில் சத்தம் இல்லை.

"பாட்டு இல்லையா பாஸ்?"

"ஆக்கள் இல்லயே காக்கா" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. வீட்டுக்கு வந்து வாப்பா அந்த மிசினில்தான் மௌத்தாகும் வரை தைத்தார்.

பாஸும் பிறகு காலமானார். அவருடைய பிள்ளைகளில் ஒரு குடும்பம் கடற்கரையோரம் டச்பாரில் இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் டச்பார் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். பறங்கியர் சமூகம் அந்த ஒரு காலையில் இழந்தது ஏராளம். நம் ஊரும் அன்று மையித்துகளைச் சுமந்தது. சில நாள் கழித்து நிவாரணச் சாமான் கொண்டுபோனபோது அந்த வீடு இருந்த இடத்தைத் தேடினோம். அத்திவாரம் மட்டும் இருந்தது. பாஸின் வயலின் அந்த வீட்டில்தான் இருந்தது என்று அயலவர் சொன்னார்கள்.

உறவுகளே, ஒரு விசயம் எங்களை உறுத்துகிறது. இந்த மக்களைப் பற்றிப் படிக்க எங்கெங்கோ இருந்து வந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இருந்து டெனிஸ் மக்கில்வ்ரே வந்து பறங்கியரைப் பற்றி எழுதினார். நம் முஸ்லிம்களின் குடி முறை பற்றியும் அக்கரைப்பற்றில் இருந்து ஆராய்ந்து எழுதியவர் அவர்தான். டேவிட் ஜக்சன் என்ற பேராசிரியர் அவர்களின் பாட்டுகளைச் சேகரித்து 1990இல் புத்தகமாகப் போட்டார். லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோவும் அவரது குழுவினரும் அந்த மொழியையும் பாட்டையும் ஆட்டத்தையும் படம் பிடித்து, அழிந்துவரும் மொழிகளுக்கான ஆவணக் காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தவர்கள் செய்த வேலை. நாம் பாலம் தாண்டவில்லை.

நம்மிடம் இருப்பது அவர்களிடம் இல்லாதது. முன்வாங்கில் இருந்து கேட்டவர்கள் நாம். எந்த வீட்டில் எந்தப் பாட்டுக்காரர் இருந்தார், எந்தக் கல்யாணத்துக்கு நம்மவர் யார் போனார், அவர்களுக்குச் சட்டி தூக்கிய சமையல்காரர் யார் என்பது எந்த ஆவணக் காப்பகத்திலும் இல்லை. அது நம் வாப்பாமாரின், மூத்தம்மாமாரின் நினைவில் இருக்கிறது. 1990ஐ நாம் ஒவ்வொரு வருடமும் நினைவுகூருகிறோம். நினைவுகூரத்தான் வேண்டும். ஆனால் 1990க்கு முதல் நாம் எப்படி இருந்தோம் என்பதையும் யாராவது சொல்லாவிட்டால், பாலத்துக்கு அங்கால ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே நம் பிள்ளைகளுக்குப் பகிடியாகத்தான் தெரியும்.

பறங்கியர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். அவர்களின் இளைஞர்கள் இன்றும் கப்ரிஞ்ஞா ஆடுகிறார்கள். வீட்டில் பேசுவது பெரும்பாலும் தமிழ்தான், நம்மைப் போல. மட்டக்களப்பில் அவர்களுடைய கத்தோலிக்க பறங்கியர் சங்கமும் இயங்குகிறது.

வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறோம். வீட்டில் வயதில் மூத்த ஒருவரிடம், "பறங்கியர் யாரையாவது தெரியுமா, அவரிடம் என்ன வேலைக்குப் போனீர்கள்?" என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி வரவேண்டும். நேற்றுவரை பதினொரு கொப்பி வந்திருக்கிறது. பகிடி என்று சிரித்த மகனும் எழுதி வந்திருக்கிறான். அவனுடைய மூத்தவாப்பாவின் சைக்கிளுக்குச் சங்கிலி போட்டுக் கொடுத்தவர் ஒரு பறங்கியராம். வேலை செய்யும்போது வாயால் ஒரு மெட்டு முணுமுணுப்பாராம். மூத்தவாப்பா அதைப் பேரனுக்கு முணுமுணுத்துக் காட்டியிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் கேளுங்கள். கேட்டதை எழுதி அனுப்புங்கள். பழைய படம் இருந்தால் தூக்கி எறியாமல் எங்களுக்குக் காட்டுங்கள். சேர்ந்தவற்றை எடுத்துக்கொண்டு, இன்ஷா அல்லாஹ், விடுமுறையில் பிள்ளைகளோடு பாலம் தாண்டிப் போக நினைத்திருக்கிறோம்.

வாப்பாவுக்காகவும் நம் ஊரின் ஷுஹதாக்களுக்காகவும் துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.